இரண்டு வண்டிகளும் ஒரு மலைப்பாதையும்

நம் குடும்பங்களில் என்றைக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. பழையது சிறந்ததா, புதியது சிறந்ததா என்பதே அது. அம்மியில் அரைத்த துவையலா, மின்பொறியில் அரைத்ததா? பாட்டியின் கைவைத்தியமா, மருத்துவமனை மாத்திரையா? பெரியோர் ஒரு பக்கமும் இளையோர் மறுபக்கமும் நின்று வாதாடுவர். இரு சாராரும் பொருளைப் பற்றிப் பேசுவதாகவே எண்ணுகின்றனர். உண்மையில் பெரும்பாலும் தத்தம் வயதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பர். ஆகவேதான் வழக்கு தீருவதில்லை.

இவ்வழக்கு அண்மையில் மோட்டார் வாகன வடிவில் நம்மிடம் வந்தது. விளையாட்டுக் கார் என வழங்கும் இருவர் அமரும் விரைவு வண்டிகளைப் பற்றிக் குடும்பத் திங்களிதழில் எழுதுவானேன் என வாசகர் ஐயுறலாம். அத்தகைய வண்டியை வாங்கும் வசதி நம்மில் மிகச் சிலருக்கே உண்டு; நமக்கு அறவே இல்லை. ஆயினும் அவ்விரண்டு வண்டிகளை ஒப்பிட நேர்ந்தபோது நாம் கண்டவை, வீட்டில் ஓர் இருசக்கர வண்டியை நிறுத்தியிருப்போர்க்கும் பிள்ளைக்கு ஓட்டுநர் உரிமம் வாங்கித் தரக் காத்திருப்போர்க்கும் பயன்படும் எனத் தோன்றியதால் எழுதத் துணிந்தோம்.

சேலத்தில் வாழும் நம் தமையனார் முறையான பெரியவர் ஒருவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவரிடம் எம்.ஜி. நிறுவனத்தின் டி.சி. என்னும் பழைய வண்டி ஒன்றுள்ளது. ஏற்காட்டுத் தோட்டத்துரை ஒருவர் 1950-களில் தம் நாடு திரும்புகையில் விற்றுச் சென்றதைப் பெரியவரின் தந்தையார் வாங்கி வைத்தார். பெரியவருக்கு ஒரு பேரன். பொறியியல் பயின்று கோவையில் பணியிலிருக்கும் அவ்விளைஞனுக்கும் வண்டிகள் மேல் தீராத ஆவல். 2025 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த வாரத்தில், அவன் தன் தொழிலதிப நண்பர் ஒருவருக்கு உரிய புதிய வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு சேலம் வந்து சேர்ந்தான். அதுவும் எம்.ஜி. வண்டியே. சைபர்ஸ்டர் என்பது அதன் பெயர். முற்றிலும் மின்சாரத்தால் ஓடுவது. பழைய வண்டியின் முகப்பிலும் புதிய வண்டியின் முகப்பிலும் அதே எண்கோணச் சின்னம். இடையே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள்!

இரண்டையும் வெள்ளக்கடைக்கு ஓட்டிச் செல்வது என முடிவாயிற்று. அங்குள்ள உறவினரின் பிள்ளைகளுக்குப் பழைய வண்டியைக் காட்டவேண்டுமெனப் பெரியவர் நெடுநாளாகச் சொல்லி வந்தார். ஆனால் பயணத்தின் உட்பொருள் வேறு. பழைய வண்டியை நல்ல விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருந்தார். அதனை விற்று, அப்பணத்துடன் வங்கிக் கடனும் சேர்த்து, வேகமிக்க புதிய வண்டி ஒன்றை வாங்கவேண்டுமென்பது பேரனின் விருப்பம். பெரியவர் ஒப்பவில்லை. வீட்டில் இரண்டு மாதமாகப் பேச்சு வார்த்தை குறைந்திருந்தது. “நீ இரண்டிலும் உட்கார்ந்து வந்து பார், தம்பி. அப்புறம் நீயே சொல்” என்று பெரியவர் நம்மை நடுவராக்கிவிட்டார்.

இவ்வண்டிகளின் வரலாற்றைச் சிறிது சொல்வோம். எம்.ஜி. என்பது மாரிஸ் காரேஜஸ் என்னும் பெயரின் சுருக்கம். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் நடத்திய வாகனக் கூடமே அது. அங்கு மேலாளராயிருந்த செசில் கிம்பர் என்பவர், எளிய மாரிஸ் கார்களின் உறுப்புகளைக் கொண்டே நடுத்தர மக்களும் வாங்கத்தக்க விளையாட்டுக் கார்களை அமைத்தார். அவர் 1945 பெப்ரவரியில் இலண்டனில் நிகழ்ந்த ரயில் விபத்தில் மாண்டார். அவ்வாண்டின் பிற்பகுதியில், போர் ஓய்ந்தவுடன், ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்ததே டி.சி. 1949 வரை ஏறத்தாழ 10,000 வண்டிகள் செய்யப்பட்டன. அத்தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. பின்னர் பல கைகள் மாறிய எம்.ஜி. என்னும் பெயர் இன்று சீனாவின் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனத்துக்கு உரியது. 2019 முதல் அப்பெயரில் குஜராத் மாநிலம் ஹலோலில் கார்கள் செய்யப்படுகின்றன. சைபர்ஸ்டர் 2025 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. விலை 75 லட்சம் ரூபாயை ஒட்டியது. அது தோட்டத் தொழிலாளி ஒருவரின் எத்தனை ஆண்டுக் கூலி எனக் கணக்கிடத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டோம்.

இனி ஒப்பீடு. டி.சி.யின் எஞ்சின் 1,250 கன செண்டிமீட்டர் கொள்ளளவு உடையது. 54 குதிரைத் திறன் தருவது. சைபர்ஸ்டரின் இரண்டு மின் மோட்டார்கள் சேர்ந்து 510 குதிரைத் திறன் தருகின்றன. அதாவது ஒன்பது மடங்குக்கு மேல். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டப் பழையதற்கு இருபது நொடிக்கு மேல் ஆகும், புதியதற்கு 3.2 நொடி போதும். ஒருமுறை ‘பிதா, சுதன்’ எனச் சிலுவை அடையாளம் வரைந்து முடிக்கும் முன் அவ்வேகம் வந்துவிடும். பழையது மூன்றரை மீட்டர் நீளமும் 1.4 மீட்டர் அகலமும் உடையது. புதியது நான்கரை மீட்டர் நீளம், 1.9 மீட்டர் அகலம். எடையோ ஏறத்தாழ இரண்டு டன்; பழைய வண்டியின் எடையைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

எண்களைக் கேட்டவுடன் தீர்ப்பு எழுதிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் மலைப்பாதை எண்களை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்குக் குறைவாக நிற்கும் சேலத்திலிருந்து 1,500 மீட்டர் அளவுக்கு ஏறவேண்டும். நாம் முதலில் பெரியவருடன் பழைய வண்டியில் அமர்ந்தோம். அதைக் கிளப்புவதே ஒரு சடங்கு. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்பு ‘டிக், டிக்’ என்று அடிக்கும். அவ்வோசை அடங்கும்வரை காத்திருந்து, சோக்கை இழுத்து, அதன்பின் ஸ்டார்ட்டர் குமிழை இழுக்கவேண்டும். முதல் கியருக்கு ஒத்திசைவு அமைப்புக் கிடையாது. ஓடும் வண்டியில் அதனைப் போடவேண்டுமாயின், கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் சுழற்சியைக் காதால் அளந்து, உரிய நொடியில் கோலைத் தள்ளவேண்டும். தவறினால் பற்சக்கரங்கள் ஊரறியக் கத்தும்.

வளைவுதோறும் பெரியவர் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தார், கியரை மாற்றினார், ஹாரனை ஒலித்தார், எதிரே யாரும் வரவில்லை எனத் தெளிந்த பின்னரே திரும்பினார். மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டுமென்பது மலைச்சாலையின் விதி. ஆனாலும் எதிரே பேருந்து வந்தபோது அவரே ஒதுங்கி நின்றார். “விதி நம்ம பக்கம்தான் இருக்கு, ஆனால் பேருந்தில் ஐம்பது பேர் இருக்கிறார்கள்” என்றார். பாதையின் ஒவ்வொரு குழியும் நம் முதுகெலும்புக்குத் தெரிந்தது. எஞ்சினின் சூடும் காப்பிப் பூந்தோட்டங்களின் ஈரமும் மாறி மாறி முகத்தில் அடித்தன. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்கையிலேயே எழுபதில் பறப்பதுபோல் இருந்தது. அவ்வச்சமே ஓட்டுபவரை அடக்கி வைக்கிறது என்பதையும் அங்கேயே உணர்ந்தோம். டி.சி. ஓட்டுபவனிடம் தன் இயலாமையை மறைப்பதில்லை.

இதனை மட்டும் கண்டு எழுதினால், “அந்தக் காலம் பொற்காலம்” என முடித்துவிடலாம். ஆனால் இக்குடும்பத்தின் சுவரில் மாலையிட்ட படம் ஒன்று தொங்குகிறது. பெரியவரின் தம்பி, 1964-ஆம் ஆண்டில், இருபத்து மூன்றாம் வயதில், மலையடிவாரத்தில் காலமானார். அவர் ஓட்டியது இந்த வண்டியன்று. அக்காலத்து வேறொரு கார். அதன் பெயர் இங்கே வேண்டுவதில்லை, ஏனெனில் அந்நாளைய கார்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. மாடு ஒன்று குறுக்கே வர, வண்டி விலகிப் புளியமரத்தில் மோதிற்று. வேகம் மிகுதியில்லை. ஓட்டுநர் அறைக்குள் ஈட்டிபோல் நீண்டு நின்ற ஸ்டியரிங் தண்டு அவர் மார்பில் பாய்ந்தது. இருக்கை வார் இல்லை. அப்பக்கத்து முதியோர், “விதி” என்றனர். தாயார் இறுதிவரை அதனை ஆண்டவர் சித்தம் என்றே ஏற்றுச் செபமாலை சொன்னார்.

ஆண்டவர் சித்தத்தை அளக்க நாம் யார்? ஆனால் மனிதர் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டவற்றையெல்லாம் அவர்மேல் சுமத்துவதும் பக்தியாகாது. மூன்று முனைகளில் பொருந்தும் இருக்கை வாரை 1959-இல் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். அக்கண்டுபிடிப்பின் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த அந்நிறுவனம் திறந்துவிட்டது. பூட்டி வைத்துப் பொருள் ஈட்டியிருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை. அதன்பின் மோதலில் மடங்கும் ஸ்டியரிங் தண்டு வந்தது, காற்றுப்பை வந்தது, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் நிறுத்தும் பிரேக் வந்தது, வழுக்கும் வண்டியைத் தானே நேராக்கும் கருவியும் வந்தது. டி.சி.யில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அதன் உடற்கூட்டில் உலோகத்தகட்டுக்கு உள்ளே இருப்பது ஆஷ் மரச்சட்டம். அழகுதான். ஆனால் 1964-இல் அத்தாய் இழந்த பிள்ளையை அந்த அழகு திருப்பித் தந்துவிடாது.

பழமையைப் போற்றும் நம் போன்றோர் இவ்விடத்தில் நேர்மையாக இருத்தல் வேண்டும். பழைய வண்டிகள் நல்ல ஓட்டுநர்களை உருவாக்கின என்பது ஓரளவு மெய். பிழைத்திருந்தவர்களை மட்டுமே நாம் இன்று கண்டு வியக்கிறோம் என்பதும் மெய்யே. பிழைக்காதவர்கள் வந்து தம் கருத்தைக் கூறுவதில்லை.

ஏற்காட்டை அடைந்து சிறிது இளைப்பாறியபின் நாம் பேரனுடன் புதிய வண்டியில் அமர்ந்தோம். கதவு சிறகுபோல் மேல்நோக்கித் திறந்தது. துணிக்கூரை ஒரு பொத்தானை அழுத்த, பத்து நொடியில் மடிந்து மறைந்தது. சடங்கு எதுவுமில்லை, கிளட்சில்லை, கியர்க்கோலில்லை. அழுத்தினால் செல்கிறது, விட்டால் மெல்ல நிற்கிறது. இளைஞன் ஒரே ஒருமுறை, நேரான வெற்றுப்பாதையில், காலைச் சற்று அழுத்திக் காட்டினான். இருக்கை நம்மை விழுங்கிற்று. வயிறு ஒரு பர்லாங்கு பின்தங்கி வந்தது போலிருந்தது. “போதும் ராசா” என்றோம். அவனும் உடனே குறைத்துக்கொண்டான். நல்ல பிள்ளை.

அவ்வண்டியில் நமக்கு மிகவும் வியப்பூட்டியது வேகமன்று. அது மலையிறங்கும் முறை. பொருள் ஒன்றை மேலே ஏற்றினால் அவ்வேலை அதனுள் சேமிப்பாகத் தங்குகிறது. இறங்கும்போது அச்சேமிப்பு எங்கேனும் செலவாகவேண்டும் எனப் பள்ளியில் படித்திருக்கிறோம். 1,200 மீட்டர் இறங்கும்போது பழைய வண்டியும் அதில் அமர்ந்த இருவரும் வெளியிடும் ஆற்றல் மூன்று யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அது முழுவதும் எஞ்சினிலும் காற்றிலும் பிரேக்கிலும் வெப்பமாகப் போய்விடுகிறது. அவ்வெப்பத்தைக் கொண்டு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரலாம்! பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அதன் டிரம்கள் காய்ந்து பிடிப்பை இழக்கும். ஆகவேதான், “ஏறின கியரிலேயே இறங்கு” என்று மலை ஓட்டுநர்கள் பழக்கினர்.

புதிய வண்டியின் எடை மிகுதியாதலால் அதே இறக்கத்தில் வெளியாகும் ஆற்றல் ஏழு யூனிட் அளவுக்கு உயர்கிறது. ஆனால் அதன் மோட்டார்கள் இறக்கத்தில் மின்னாக்கிகளாக மாறி, அதில் ஒரு பகுதியை மின்கலத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. மலையேறச் செலவிட்டதில் ஒரு பங்கு மலையிறங்குகையில் மீள்கிறது. பிரேக்கும் காய்வதில்லை, புகையும் இல்லை. காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே நச்சுப்புகை உமிழாமல் செல்லும் வண்டியைக் கண்டபோது, படைப்பைப் பேணுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடல் நினைவுக்கு வந்தது. இரண்டு டன் எடையைச் சுமந்து இருவரே பயணம் செய்வதைப் பற்றியும் அம்மடல் ஏதேனும் நினைக்கச் சொல்லும் என்பதை அடக்கமாகச் சேர்த்துக்கொள்கிறோம்.

வெள்ளக்கடையை நெருங்கியபோதுதான் ஒப்பீடு வேறொரு முகத்தைக் காட்டிற்று. அது காப்பிப் பழம் பறிக்கும் பருவம். சாலையோரமாக மலைவாழ் மக்கள் தலையிலும் முதுகிலும் சுமையுடன் நடந்து வந்துகொண்டிருந்தனர். முன்னே சென்ற பழைய வண்டியின் உறுமல் இரண்டு வளைவுக்கு அப்பாலேயே கேட்டிருக்கவேண்டும். அது வருமுன்பே அனைவரும் ஒதுங்கி நின்று பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டினர். அது சென்று மறைந்ததும் மீண்டும் சாலையில் பரவி நடந்தனர். பின்னால் வந்த நம் வண்டியின் மெல்லிய ஓசை அவர்களுள் ஒரு மூதாட்டியின் காதுக்கு எட்டவில்லை. விறகுக் கட்டுடன் சாலையின் நடுவே, தம் போக்கில், மெதுவாகச் சென்றுகொண்டிருந்தார்.

இளைஞன் பத்து முழம் பின்னாலேயே வண்டியை நிறுத்தினான். ஹாரன் மீது வைத்த கையை எடுத்துவிட்டான். “ஒலித்தால் பயந்து எந்தப் பக்கம் ஓடுவாங்களோ, சின்னத் தாத்தா” என்றான். அவ்வம்மையார் வளைவைக் கடந்து ஓரம் சேரும்வரை, 510 குதிரைகளும் ஒரு விறகுக் கட்டுக்குப் பின்னால் பொறுமையாக நின்றன. பக்கத்தில் வந்தபோதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். “வண்டி வந்ததே காதுல விழலீங்க சாமி. இம்மாம் பெருசு, சத்தமே இல்லீங்களே!” என்று வியந்து சிரித்தார்.

மின்வண்டிகள் மெதுவாகச் செல்கையில் கேட்கத்தக்க ஓசை எழுப்ப வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் புதிய வகை வண்டிகளுக்கும், 2021 முதல் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் விதித்திருப்பது இதனாலேயே. பார்வையற்றோரும் முதியோரும் குழந்தைகளும் காதைக் கொண்டே சாலையைக் கடக்கின்றனர். ஆனால் எந்த ஓசையும் எல்லாக் காதுகளுக்கும் எட்டுவதில்லை. அவ்வம்மையாரைக் காத்தது கருவியன்று. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவனின் கண்ணும் மனச்சான்றும்.

நாம் அவனிடம், “இப்படி நின்று வழிவிட எங்கே கற்றாய்?” என்று கேட்டோம். அவன் சற்று நாணியவாறு சொன்னான்: “தாத்தாகிட்டதான். பதினெட்டு வயசுல அந்தப் பழைய வண்டியில்தான் கத்துக்கொடுத்தாங்க. ஒரு வளைவுல மட்டும் ஆறு தடவை ஏற வச்சாங்க.” இரண்டு மாதம் பாட்டனுடன் சரியாகப் பேசாத பிள்ளையின் வாயிலிருந்து வந்த அச்சொற்களை, அன்று மாலை நாம் உரியவரிடம் சேர்த்துவிட்டோம். நடுவர்க்கு அவ்வளவேனும் உரிமையுண்டு அல்லவா?

திருச்சபையும் இப்பொருளைப் பற்றிப் பேசியிருக்கிறது. உரோமைப் புனித பிரான்சிஸ்காவை மோட்டார் ஓட்டுநர்களின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1925-இல் அறிவித்தார். அப்புனிதை இருளில் நடக்கையில் அவருடைய காவல் சம்மனசு விளக்கேந்தி முன்சென்றதாக மரபு கூறும். 2007 ஜூனில் வத்திக்கான், சாலைப் பயணம் பற்றிய மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஓட்டுநர்க்கான பத்துக் கட்டளைகள் அதில் உள்ளன. கொலை செய்யாதிருத்தல் என்பதே அவற்றுள் முதலாவது. கார் அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாகிப் பாவத்துக்கு வாய்ப்பாகக் கூடாது என்பது மற்றொன்று. சாலையில் வலுக்குறைந்தவரைக் காக்கவேண்டும் என்பதும் ஒரு கட்டளையே. புதுவண்டி வாங்கியதும் கோவில் வாசலில் நிறுத்தி, பங்குத்தந்தையிடம் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கச் செய்கிறோம். புனித கிறிஸ்தோபரின் சுரூபத்தையும் முன்னால் ஒட்டுகிறோம். மந்திரிக்கப்படுவது வண்டி மட்டுமன்று, அதனை ஓட்டப் போகும் கையும்தான் என்பதை நினைக்கிறோமா?

இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என நடுவண் அரசின் அறிக்கை கூறுகிறது. ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் மாலையிட்ட படம் ஒன்று ஒரு வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இவர்களைக் கொன்றவை பழைய வண்டிகளா, புதிய வண்டிகளா எனக் கேட்பதில் பயனில்லை. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. எடை கூடினால் அதுவும் கூடுகிறது. இயற்பியலின் இவ்விதி எந்த நிறுவனத்தின் சின்னத்துக்கும் சலுகை காட்டுவதில்லை.

வெள்ளக்கடையில் பிள்ளைகள் இரண்டு வண்டிகளையும் சூழ்ந்துகொண்டனர். புதியதன் கதவு மேலே எழும்போது கைதட்டினர். ஆனால் நெடுநேரம் நின்றது பழையதன் அருகிலேயே. முன்மூடியைத் திறந்து, “இங்கே பெட்ரோல் வரும், இங்கே காற்று வரும், இங்கே தீப்பொறி” என்று பெரியவர் சொல்லச் சொல்ல, ஒரு சிறுமி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். புதியதில் அவ்வாறு தொட்டுக் காட்ட எதுவுமில்லை. எல்லாம் மூடிக்கு உள்ளேயும் மென்பொருளுக்கு உள்ளேயும் உள்ளன. டி.சி.யைக் கைக்கருவிப் பெட்டியுடன் ஒரு பொறுமைசாலி பழுது பார்த்துவிடலாம். சைபர்ஸ்டர் நின்றுவிட்டால் பயிற்சி பெற்றவரிடம் கணினியுடன்தான் கொண்டு செல்லவேண்டும். எண்பது ஆண்டு கழித்து அதன் மின்கலத்தையும் மென்பொருளையும் ஒரு பாட்டனார் பேரப்பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுவாரா என்பது ஐயமே.

பழைய வண்டிகளைக் காப்பதற்கு நம் நாட்டில் இப்பொழுது வழி பிறந்துள்ளது. முதற்பதிவு முடிந்து ஐம்பது ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகத் தனி வரிசையில் பதிய 2021-இல் நடுவண் அரசு விதி வகுத்தது. அவ்வாறு பதிந்தவற்றை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்தலாகாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கே எடுத்துச் செல்லலாம். இது சரியான ஏற்பாடென்றே நமக்குப் படுகிறது. கோவையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்றால், உலகின் பழைய கார்கள் பலவற்றைக் கண்ணாரக் காணலாம்.

மாலையில் காப்பி அருந்தியவாறு இருவரும் நம் முகத்தைப் பார்த்தனர். நாம் கூறிய தீர்ப்பு இதுதான்:

“அண்ணா, உங்கள் வண்டி மனிதனுக்கு அடக்கத்தைக் கற்பிக்கிறது. ஆனால் உங்கள் தம்பியைப் போன்ற ஒருவரை மோதலில் காப்பாற்ற அதனால் இயலாது. ஆகவே அன்றாடம் சாலையில் செல்லும் பிள்ளைக்கு அதனை அளவுகோலாக வைக்காதீர்கள். தம்பி, உன் நண்பரின் வண்டி உயிரைக் காக்கும் கருவிகள் நிறைந்தது, காற்றையும் கெடுப்பதில்லை. ஆனால் மூன்று நொடியில் நூறைத் தொடும் ஆற்றல் இந்த மலையில் எவருக்கும் தேவையில்லை. அத்தேவையில்லாத பகுதிக்காகவே நீ கடன்படப் போகிறாய். பிள்ளைக்கு வேண்டியது காற்றுப்பையும் நல்ல பிரேக்கும் உள்ள எளிய கார். அதனை உன் சம்பளத்திலேயே வாங்கலாம். பழைய வண்டியை விற்கவேண்டாம். இந்த வீட்டில் ஓட்டப் பழகும் ஒவ்வொரு பிள்ளையும், ஆணாயினும் பெண்ணாயினும், முதலில் ஆளில்லாத தோட்டப் பாதையில் அதில் பத்து நாள் பழகட்டும். அதன்பின் புதியதில் ஏறட்டும்.”

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “என் தம்பி படத்துக்குக் கீழே இவன் ஒருநாள் உட்கார்ந்து கேட்டான், சித்தப்பா தாத்தா வார் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று. அப்போது பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை” என்றார். பேரனை நோக்கி, “பிழைத்திருப்பான் ராசா” என்றார். பேரன் எழுந்து அவரருகில் சென்று அமர்ந்தான். வழக்கு அத்துடன் முடிந்தது. எளிய கார் ஒன்றை அவன் பதிந்துவிட்டதாகப் பொங்கலுக்குப் பின் செய்தி வந்தது.

பெற்றோர்களே! பிள்ளைகள் புதிய வண்டி கேட்கும்போது, “எங்கள் காலத்தில்…” எனத் தொடங்காதீர்கள். எங்கள் காலத்தில் பலர் வீணாக மாண்டனர். தலைக்கவசமும் இருக்கை வாரும் அணிவதைப் பிள்ளையிடம் கேட்குமுன் நீங்கள் அணிந்து காட்டுங்கள். இளைஞர்களே! வண்டி உங்களுக்காகச் சிந்திக்கும் என நம்பிச் சிந்தனையை நிறுத்திவிடாதீர்கள். அது தன்முன் உள்ள பொருளைக் காணும். அது ஒரு தாய் என்பதையும், அவள் தலையில் விறகு இருப்பதையும், அவளுக்குக் காது மந்தம் என்பதையும் நீங்கள்தாம் காணவேண்டும்.

விண்ணரசின் நெறி அறிந்தவனை, தன் கருவூலத்திலிருந்து புதியவற்றையும் பழையவற்றையும் வெளிக்கொணரும் வீட்டுத்தலைவனுக்கு நம் ஆண்டவர் ஒப்பிட்டார். ஒன்றை எறிந்துவிட்டு மற்றொன்றை வைத்துக்கொள் என அவர் சொல்லவில்லை. எதனை எப்பொழுது எடுக்கவேண்டும் என்பதை அறிந்த வீட்டுத்தலைவர்கள் நம் இல்லங்களில் பெருகுவார்களாக. சாலையில் செல்லும் அனைவரையும், குறிப்பாகக் கால்நடையாகச் செல்லும் எளியோரை, தேவ அன்னை தம் அடைக்கலத்தில் காத்தருள்வாராக.